அண்ணனின் வெள்ளிக்கிழமைகள்

தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடிக்கு பிரவுசிங் சென்டர் வந்தது. அதற்குள் நுழைய எனக்கு ஒரே காரணம்தான் இருந்தது. வளைகுடா நாடொன்றில் கட்டுமானக் கம்பெனி ஸ்டோரில் கிளார்க்காக இருந்த என் அண்ணன், பக்கத்து வீட்டு போனில் கூப்பிட்டுச் சொன்னான்.

"இன்டர்நெட்டுல சொந்தமா ஒரு பக்கம் போட்டுருக்கேன் பாப்பா. இங்க நடக்குறதை எழுதுறேன். போயிப் பாரு. அம்மாவுக்கும் சொல்லு."

வலைப்பூ என்ற சொல்லெல்லாம் அப்போது எங்கள் காதில் விழவில்லை. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட வாய் திறக்கத் தயங்குகிறவள். தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். திரையில் ஒவ்வொரு வரியாக இறங்கியது அண்ணனின் பக்கம். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான். முதலில் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க முடிந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் குரலே கேட்க ஆரம்பித்துவிட்டது.

புதுவயல் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கிய ஒருவர், அண்ணனின் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்தார். சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தார். அண்ணன் பார்க்கப் போனபோது, "எந்த ஊருண்ணே?" என்று கேட்டிருக்கிறான். அவர் இவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். வலி எங்கே என்று சொல்லக்கூட அதுவரை அவருக்கு ஆள் கிடைக்கவில்லை.

அதிலிருந்து வெள்ளிதோறும் ஜும்மா தொழுகை முடிந்ததும் அண்ணன் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனான். வார்டு வாசலில் நின்று, "தமிழ் பேசுறவுக யாரும் இருக்கீகளா?" என்று உரக்கக் கேட்பான். யாராவது கை தூக்கினால் போய்ப் பக்கத்தில் உட்காருவான். பழம் உரித்துக் கொடுப்பான், டாக்டர் சொன்னதைத் தமிழில் சொல்வான். அண்ணனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்களுக்குத் துணி துவைக்கவும் தூங்கவும் அந்த ஒரு நாள்தான் லீவு. ஆனாலும் கொஞ்ச நாளில் அவர்களும் கூடப் போனார்கள். அதைப் பற்றி அண்ணன் எழுதியிருந்தது எனக்கு அப்படியே மனப்பாடம்: 'நான் யாரையும் கூப்பிடவில்லை. நான் சட்டை போடுவதைப் பார்த்து அவர்களும் சட்டை போட்டார்கள்.'

வாசித்ததை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்வேன். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார். "சாப்பிட்டானான்னு எழுதலையா?" என்பார் கடைசியில்.

அடுத்த முறை போனில் பேசும்போது, "நானும் எழுதணும்னு ஆசையா இருக்குண்ணே. ஆனா என்னத்த எழுத? காலேஜ், வீடு, அம்புட்டுத்தான்" என்றேன்.

அவன் சிரித்தான். "நான் மட்டும் என்ன, ஸ்டோரு, ரூமுதானே? எழுது பாப்பா. நான் வாசிக்கிறேன்."

நான் எழுதவில்லை. பரீட்சை முடியட்டும் என்று இருந்தேன். பரீட்சை முடியும் முன்பே பக்கத்து வீட்டு போன் அடித்தது.

வேறு ஊரில் இருந்த ஒரு சைட்டுக்குச் சாமான் கணக்கெடுக்கப் போன வழியில் வண்டி கவிழ்ந்துவிட்டது. அங்கிருந்த ஆஸ்பத்திரியில் அண்ணனைச் சேர்த்திருக்கிறார்கள். யார், எந்தக் கம்பெனி என்ற விவரம் தெரிந்து அறைக்காரர்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அங்கேயே அடக்கம் செய்தார்கள். எங்களுக்கு முகம்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை.

"என் புள்ளைக்கு ஒரு பிடி மண்ணுகூடப் போடலையே" என்று அம்மா சுவரில் சாய்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் மதியம் நான் மறுபடி பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அண்ணனின் பக்கம் அப்படியே இருந்தது. அடியில் படிப்பவர்கள் எழுதும் இடத்தில், எனக்குத் தெரியாத பலர் அண்ணனுக்காக எழுதியிருந்தார்கள். 'என் வீட்டுக்காரர் பக்கத்தில் கடைசிவரை உட்கார்ந்திருந்தீர்களே அண்ணா' என்று ஒரு பெண். மேலே வாசிக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தேன்.

அம்மாவிடம் சொன்னபோது கேட்டார், "அவனே இல்லைங்குற. அது மட்டும் எப்புடி இருக்கு?"



சில மாதம் கழித்து, புதுவயல்காரர் லீவில் ஊருக்கு வந்தார். காலை இழுத்து இழுத்து எங்கள் வீட்டுக்கு நடந்து வந்து, அண்ணனின் பையை அம்மாவின் முன்னால் வைத்தார். எதையோ சொல்ல வாயெடுத்துத் துண்டை முறுக்கினார்.

"சொல்லுங்கண்ணே" என்றேன்.

"நாங்க போனப்ப அங்குட்டு இருந்த நர்ஸ் சொன்னுச்சு தங்கச்சி. நடுவுல கண்ணு முழிச்சு ஏதோ கேட்டுக்கிட்டே இருந்தாராம். அது என்ன பாஷைன்னுகூட அங்க ஒருத்தருக்கும் தெரியல." அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "எங்களுக்கெல்லாம் ஓடி ஓடி வந்த மனுசன்."

 என்ன கேட்டிருப்பான்? தண்ணீரா? அம்மாவையா? இன்றைக்கும் தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்தால் சில நேரம் அந்தக் கேள்வி வந்து நிற்கும். குடிக்காமலே வைத்துவிடுவேன்.

அம்மா அழவில்லை. உள்ளே போய், பெருநாளைக்கு அண்ணன் வருவான் என்று தைத்து வைத்திருந்த சட்டையைக் கொண்டுவந்தார். "இதை நீ போட்டுக்கப்பா" என்று அவர் மடியில் வைத்தார். பிறகு கேட்டார், "வெள்ளிக்கிழமை இப்ப யாரு போறா?"

"எல்லாரும் போறோம்மா. அந்த ஊரு ஆஸ்பத்திரிக்கும் ஆள் பிரிச்சுப் போறோம்."

அதைக் கேட்ட பிறகுதான் அம்மா உடைந்து அழுதார்.

மறுநாள் நான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எனக்கென்று ஒரு பக்கம் தொடங்கினேன். அண்ணனைப் போலவே ஆங்கில எழுத்தில் தமிழ். அம்மா சட்டை கொடுத்ததை எழுதினேன். எழுத்துகளைத் தேடித் தேடி அடித்ததில் மதியம் முழுவதும் போய்விட்டது. அழுதுகொண்டேதான் அடித்தேன். அண்ணனின் பக்கத்துக்கு அடியில் என் பக்கத்தின் முகவரியைப் போட்டேன். கடைக்காரர் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

சில வாரம் கழித்து அண்ணனின் அறைக்காரர்களிடமிருந்து ஒரு பதில் வந்திருந்தது. 'ரூமில் எல்லாரும் உட்கார்ந்து சத்தமாக வாசித்தோம் தங்கச்சி. இன்னும் எழுதுங்கள்.'

இன்றுவரை எழுதுகிறேன். வாசிக்கிறேன் என்று சொன்னவன் மட்டும் ஒரு வரிகூட வாசிக்கவில்லை.