முன்னுக்கு ஓடினவர்

போன கிழமை வேலை அலுவலாக டவுன்டவுனுக்குப் போனபோது, நான் படித்த பல்கலைக்கழகத்துக்குள் ஒருக்கால் நுழைந்து பார்த்தேன். பழைய பௌதிகக் கட்டடத்தின் உள்வாசலில் மாணவர்கள் மேசை போட்டுச் சமோசா விற்றுக்கொண்டிருந்தார்கள். பொரித்த வெங்காய மணம். மேலே சுவரில் அதே வெண்கலத் தகடு, அங்கே ஒரு காலத்தில் படிப்பித்த பேராசிரியர் ஒருவரின் நினைவாக. ஆனால் என் கண் தகட்டுக்குக் கீழேதான் போனது. நீலக் குளிர் அங்கியோடு அம்மா அங்கே நிற்பதாக ஒரு கணம். அம்மா புறநகரில், எங்கள் ரொக்ஸ்பரோ வீட்டில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நின்றுவிட்டேன்.

நான் படித்த நாட்களில் அம்மாவின் அங்கியிலும் வெங்காய மணம்தான். இரண்டு தெரு தள்ளி ஓர் உணவகச் சமையலறையில் வேலை; எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது. அந்த மணத்துக்கு வெட்கப்பட்டு மெட்ரோவில் தள்ளி இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இருந்தது வேறு வியாதி: பெருமை. அப்பா மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அந்த வீட்டிலிருந்து பௌதிகம் படிக்க வந்தவள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வராது. அந்தக் கட்டடத்துக் கதவைக்கூட என் சொந்தக் கதவைப்போலத்தான் தள்ளித் திறப்பேன்.

வேலை முடிந்து அம்மா அங்கே வந்து எனக்காகக் காத்திருப்பார். தகட்டுக்குக் கீழே வெப்பமூட்டியின் சூடு நன்றாக வரும். பக்கத்தில் உட்கார வாங்கு இருந்தாலும் நின்றுகொண்டேதான் இருப்பார். ஒரு பின்னேரம் கேட்டார்:

"எந்த நாளும் இந்த மனுசனுக்குக் கீழதான் நிக்கிறன். ஆர் புள்ள இவர்?"

"பெரிய பேராசிரியர் அம்மா. பௌதிகத்தில ஒரு முன்னோடி."

தகட்டில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இருந்ததை ஒரே சொல்லில் தமிழாக்கிவிட்ட மிதப்பு எனக்கு.

"முன்னோடியெண்டா? முன்னுக்கு ஓடினவரோ?"

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஓட்டப்போட்டியா அம்மா? ஒருத்தரும் போகாத வழியில முதல் போனவர்."

"போய்த் திரும்பி வந்தவரோ?"

"வந்தபடியாத்தானே தகடு வச்சிருக்கிறாங்க!"

அம்மா சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் ரயில் மலைக்குக் கீழே சுரங்கத்துக்குள் நுழையும்போது யன்னல் கறுப்புக் கண்ணாடியாகிவிடும். அதில் தெரிந்த என் முகத்தைப் பார்த்துத்தான் அன்று அம்மா கதைக்கத் தொடங்கினார். என் அண்ணன் அந்தோனி காணாமல் போன நாளைப் பற்றி அதுவரை அம்மா எனக்கு முழுதாகச் சொன்னதில்லை. மட்டக்களப்பில் சண்டைக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்ட அன்று நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். வாவிக்கரைப் பக்கம் வெடிச்சத்தம். "நில்லுங்கம்மா, நான் முன்னுக்கு ஓடிப் பாத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் ஓடியிருக்கிறார். அப்போது அவருக்குப் பதினைந்து வயது.

"நிண்டன் புள்ள. ஆக்கள் இழுத்துக்கொண்டு போகுமட்டும் நிண்டன். இன்னுங் கொஞ்சம் நிண்டிருக்கலாம்."

சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்ததும் அம்மா அங்கியின் பொத்தான்களைப் பூட்டத் தொடங்கினார்.

ஒவ்வொரு நவம்பரிலும் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசையின்போது இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். ஒவ்வொரு வருசமும் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்பார், "இந்த முறையாவது மகன்ட பேரைக் குடுப்பமா?" அம்மா வெடிப்பார்: "பாத்திட்டு வாறன் எண்டு போனவன். நாளைக்கு வந்து நிண்டு, என்னை ஏன் செத்தவங்களோட சேத்தீங்க எண்டு கேட்டா நீங்களா பதில் சொல்லுவீங்க?" அப்பா தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்ப்பார்.

அந்த வருசம் அம்மா வெடிக்கவில்லை.

"குடுங்க," என்றார். "ஆனா கடைசியா வாசிக்கச் சொல்லுங்க. அவன் முன்னுக்கு ஓடினது காணும், இனிப் பின்னுக்கு வரட்டும்."

அப்பா பூசை வைக்கும் சுவாமியிடம் சொல்லியும் வைத்தார். ஆனால் அன்று வாசிக்க வந்தவர் வேறொருவர். நல்ல மனுசன், பெயர்களை அகர வரிசையில் அழகாக அடுக்கியிருந்தார். மெழுகுதிரிப் புகை, பனியில் நனைந்த அங்கிகளின் மணம், ஒருவர் இருமி முடித்த அமைதி. முதல் பெயர்: அந்தோனி.

அம்மா எழுந்து நின்றுவிட்டார். ஒருவரும் எழும்பாத நேரம் அது. கையைப் பிடித்து இழுத்தேன். குனிந்து என் காதுக்குள் சொன்னார்:

"பாத்தியா? இங்கயும் முன்னுக்குத்தான்."

கடைசிப் பெயர் வரை அவர் நின்றுகொண்டேதான் இருந்தார்.

அதுவரை எங்கள் வீட்டில் அண்ணனுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. வருசா வருசம் பிறந்தநாளன்று அம்மா பாயாசம் காய்ச்சி, அவருக்கு இப்போது எத்தனை வயது என்று சொல்வார். இனிப் பெண் பார்க்க வேண்டும் என்பார். அப்பாவைப்போல இவனுக்கும் முன்தலை கொட்டத் தொடங்கியிருக்கும் என்று கவலைப்படுவார். நானும் அப்படியொரு மனிதரைத்தான் மனதில் வைத்து வளர்ந்தேன். கொஞ்சம் தொப்பையோடு, எங்கேயோ ஒரு வீட்டில், என்னை அடையாளம் தெரியாமல். அந்த நவம்பரோடு பாயாசம் நின்றது. அந்த மனிதரும் போய்விட்டார். மிஞ்சியது வீட்டிலிருந்த பழைய படத்தில் இருக்கும் பதினைந்து வயதுப் பையன். அவன் என்னைவிட இளையவன். அவனை என்னவென்று கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.