ஆடு விட்ட செடியைத் தேடிக் குத்தம்பாக்கம் வரை

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கள்ளிக்குப்பத்தில் இருந்து கிளம்பினேன். பையில் களைக்கொத்தி, ஒரு ஈரச்சாக்கு, தண்ணீர் பாட்டில், நாலு இட்லி. எதற்குப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே தோட்ட வேலை என்னுடையது. களையெடுப்பதில் என் கைக்கு மிஞ்சின கை அம்பத்தூர் பக்கம் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. புதன்கிழமை காலை சுற்றுச்சுவர் ஓரத்தை மழித்த தலை மாதிரி வழித்தெடுத்தேன். தரையோடு படர்ந்திருந்த ஒரு செடியும் அதோடு போயிற்று. குப்பை வண்டி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போன பிறகு மூன்றாவது மாடி கவிதா ஓடி வந்தாள். மதுரைப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கையில் ஒரு செருப்பு டப்பா. வெறும் மண்ணில் ஊர்ந்துகொண்டிருந்த ஏழு புழுக்களை அதில் பொறுக்கிப் போட்டிருந்தாள். கருஞ்சிவப்பு உடம்பு, நடுவில் வெள்ளைப் பட்டை.

“அது ஆடுதீண்டாப்பாளை ஆயாம்மா. பட்டாம்பூச்சிக்குன்னு விட்டு வச்சிருந்தேன். இதுக அந்த இலையத் தவிர வேற எதையும் திங்காதுக” என்றாள். அழுதுவிடுவாள் போல இருந்தது.

முருங்கை வைத்தோம், கீரை வைத்தோம், செம்பருத்தி வைத்தோம். ஒன்றிலும் வாய் வைக்கவில்லை. சாயந்தரம் வரை தெருத்தெருவாகத் தேடினேன். காலி மனை என்று ஒன்று இருந்தால்தானே செடி இருக்கும்.

“புடுங்கினது நானு. கொண்ணாறதும் நான்தான்” என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா?

அம்பத்தூர் வரை ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். ஏழே காலுக்குப் பூந்தமல்லி பஸ். பெண்களுக்கு இலவசம், ஜன்னல் ஓரமும் கிடைத்தது. கண்டக்டர் என் பையை எட்டிப் பார்த்தான்.

“இன்னா ஆயா, கொத்தி எடுத்துகினு யாரைப் போட்டுத் தள்ளப் போற?”

“புழுவுக்குத் தீனி தேடிப் போறேன்.”

“மனுசனுக்கே இங்க தீனி கீதா இல்லையான்னு கீது. நீ புழுவுக்குப் போறியா?”

“நீ காலையில துன்னியா?”

“துன்னேன்.”

“அப்ப உனுக்கு இன்னா கவலை? விசிலை ஊது.”

பின் சீட்டு வரைக்கும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே விசில் ஊதினான்.

எட்டரைக்குப் பூந்தமல்லி. அங்கிருந்து பெங்களூர் ரோட்டில் இன்னொரு ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். பத்து கிலோமீட்டர்தான், லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு அரைமணி ஆனது. குத்தம்பாக்கத்தில் புது பஸ் நிலையத்தைத் தாண்டி இறங்கினேன். முன்பு இந்தப் பக்கம் களைக்கு வந்தபோது ஏரிக்கரைக் காட்டில் அந்தச் செடியைப் பார்த்த ஞாபகம். அதை நம்பித்தான் வந்தேன். ரோட்டில் இருந்து இரண்டு கிலோமீட்டர் நடை.

ஒன்பதே முக்கால். காடு என்றால் பெரிய மரக்காடு இல்லை. பனை, வேலிக்கருவை, காரை, நொச்சி, நடுநடுவே உண்ணிச்செடிப் புதர். ஆவாரையில் மஞ்சள் பட்டாம்பூச்சிகள் முட்டை வைத்தபடி இருந்தன. எருக்கில் காவி நிறப் பூச்சி. ஒன்றின் செடியை மற்றொன்று ஏறிட்டுப் பார்க்கவில்லை. எனக்கு வேண்டிய செடி மட்டும் கண்ணில் படவில்லை. மழைக்குப் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. ஒரு மணி நேரம் குனிந்து குனிந்து புல்லை விலக்கினேன். இடுப்பு கழன்றுவிடும் போல ஆனது. அப்போது கவிதா போன் செய்தாள்.

“ஆயாம்மா, ஒண்ணு சுருண்டு கெடக்கு. தொட்டாலும் அசைய மாட்டேங்குது.”

“மீதி?”

“டப்பாவச் சுத்திச் சுத்தி வருதுக.”

“வரேன்” என்று வைத்துவிட்டேன். வெறும் கையோடு திரும்புவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன்.

முப்பது ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒருத்தி வந்தாள். பாக்கியம் என்று பேர் சொன்னாள்.

“இன்னாக்கா தேடுற? கம்மல் கிம்மல் வுழுந்துட்சா?”

“ஆடுதீண்டாப்பாளை.”

அவள் கடகடவென்று சிரித்தாள். “அதப் புல்லுக்குள்ள தேடுனா எப்டிக்கா ஆப்புடும்? ஒக்காரு. எங்க பசங்க மேயட்டும். அதுங்க எத வுட்டுட்டுப் போவுதுங்களோ, அதான் உன் செடி.”

எனக்குச் சுருக்கென்று இருந்தது. வயசு முழுக்கக் களை பறித்தவள், பேரும் தெரிந்தவள், எனக்கு இது தோன்றவில்லையே! பனையடியில் உட்கார்ந்தேன். ஆடுகளை அவசரப்படுத்த முடியாது. இட்லியை இரண்டு பேரும் பிரித்துத் தின்றோம். டப்பாவுக்குள் சுற்றுகிற புழுக்கள் ஞாபகம் வந்தபோதெல்லாம் எழுந்து போய் மேய்ந்த தரையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு ஆடுகள் நகர்ந்தன. தரை வெறிச்சென்று கிடந்தது. அங்கங்கே பச்சை மிச்சம். முதலில் பார்த்தது எருக்கங்கன்று. இரண்டாவதுக்குக் கிட்டே போனேன். சாம்பல் பூத்த, இதய வடிவ இலை. கிள்ளி மோந்தேன். குமட்டியது. அதேதான். நான் குனிவதற்குள் கறுத்த இறக்கையும் சிவந்த உடம்புமாக ஒரு பட்டாம்பூச்சி தாழப் பறந்து வந்து, வாலை மடித்து இலைக்கடியில் முட்டை வைத்தது.

“பாரு, உனுக்கு முன்னாடி ஒருத்தி வந்துட்டா” என்றாள் பாக்கியம்.

முட்டை வைத்த செடியைத் தொடவில்லை. தள்ளியிருந்த நாலு செடிகளை வேர் அறுபடாமல் மண்கட்டியோடு பெயர்த்து ஈரச்சாக்கில் சுற்றினேன். பாக்கியம் ஏரித் தண்ணீரைக் கையால் மொண்டு தெளித்தாள்.

“காய விட்டுடாதக்கா.”

மூன்று மணிக்குக் கள்ளிக்குப்பம். கவிதா லீவு போட்டுவிட்டு கேட்டிலேயே நின்றிருந்தாள். இலையைப் போட்டதும் ஆறு புழுக்கள் ஏறிக்கொண்டன. காதை வைத்துக் கேட்டேன், கடிக்கிற சத்தம் மெலிசாக வந்தது. ஏழாவது எழுந்திருக்கவில்லை. அதை, நான் செடியைப் பிடுங்கின இடத்திலேயே குழி தோண்டிப் புதைத்து, பக்கத்தில் நாலு செடியையும் நட்டேன்.

எங்கள் ஊருக்கும் போய்வந்த ஊருக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்பார்கள். தூரம் பார்த்தால் ஒரு காலை நேரத்துப் பயணம்தான். குடியிருப்பு செக்ரட்டரி சார் நேற்று வந்து, “என்ன ஆயா, வயசாயிடுச்சா? ஒரு மூலையில களைய விட்டுட்டீங்களே” என்றார். “விட்டேன் சார்” என்றேன். குத்தம்பாக்கத்தில் ஆடு மேய்ந்த தரையில் அந்தச் செடிதான் மிச்சம். கள்ளிக்குப்பத்தில் என் கை மேய்ந்த தரையிலும் இப்போது அதுதான் மிச்சம்.