மந்தைவெளி மாடியிலிருந்து அடையாறு சந்தைக்கு

வீட்டில் விளைந்த செடி, காய்களைச் சந்தைக்குக் கொண்டுபோக நினைக்கும் சிலர் வழி கேட்டு எழுதுகிறார்கள். அவர்களுக்காக என் முதல் பயணத்தைச் சொல்கிறேன். மெட்ராஸ் என்ற பெயர் சென்னை என்று மாறியிருந்த புதிது. பொங்கல் முடிந்து வந்த ஞாயிறு. மந்தைவெளியிலிருந்து அடையாறு சுமார் நாலு கிலோமீட்டர். டெல்லி வரைக்கும் ரயிலில் போய் வந்திருக்கிறேன். எந்தப் பயணத்துக்கும் இவ்வளவு பயந்துகொண்டு கிளம்பியதில்லை.

காரணம் எங்கள் வீட்டுக்கார மாமா. நாங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அதற்கு மேலே மொட்டை மாடி முழுக்க என் செடிகள். பெயிண்ட் டப்பாவிலும் எண்ணெய் டின்னிலும் கறிவேப்பிலை, துளசி, கத்தரி, தக்காளி, பஜ்ஜி மிளகாய், ஒரு வெற்றிலைக் கொடி. அந்த மழைக்காலத்தில் படிக்கட்டுச் சுவரில் ஈரம் ஊறியது. செடிக்கு விடும் தண்ணீர்தான் காரணம் என்று மாமா கூப்பிட்டார்.

"தை முடியறதுக்குள்ள மாடி காலியா இருக்கணும். இல்லேன்னா ஆளை விட்டுத் தூக்கிப் போட்டுடுவேன்."

பக்கத்தில் நின்ற மாமி மாடிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார்.

நான் ஆசிரியையாக இருந்த அடையாறு பள்ளியின் மைதானத்தில், மாதா கோயில் நிதிக்காக ஒருநாள் சந்தை நடக்கவிருந்தது. கெஞ்சி ஒரு மேசை வாங்கினேன். குப்பைக்குப் போவதைவிட நாலு பேர் வீட்டில் வளரட்டும் என்றுதான்.

ஆட்டோவில் செடிகளை ஏற்ற முடியாது. காலை ஆறரைக்கு மார்க்கெட் அருகே, மீன் கூடை ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றைப் பேசினேன், நாற்பது ரூபாய். வண்டிக்காரர் முருகேசன் டப்பாக்களைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, தோட்டத்தையே பேத்துக்கினு வர்றியா?" என்றார். கிரீன்வேஸ் சாலை தாண்டி அடையாறு பாலம் ஏறும் முன் நிறுத்தினார்.

"பாலத்துல காத்து பேஜாரா கீது. அப்டியே போனா செடிங்க கழுத்து முறிஞ்சிடும். துணி எதுனா கீதா?"

மேசைக்கு விரிக்கக் கொண்டுவந்த போர்வை இருந்தது. அதைச் சுற்றிக் கட்டினோம். பாலம் தாண்டுகிற வரை நான் மிளகாய்ச் செடிகளைக் குழந்தையை அணைப்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு தக்காளிச் செடிகள்தான் ஒடிந்தன.

எனக்குக் கிடைத்த மேசை ராட்டினத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் புகைக்கு நேர் எதிரே. மதியம்வரை ஒரு துளசி விற்றது. மற்றபடி வந்தவர்கள் கழிப்பறைக்கு வழி கேட்டவர்கள்.

பன்னிரண்டு மணிவாக்கில் பஜ்ஜிக் கடையிலிருந்து பிலோமினா மிஸ் வந்தார். என்னோடு வேலை பார்ப்பவர். "சாந்தி மிஸ், கடைக்காரன் குடுத்த மிளகாய் பாதிக்கு மேல அழுகல். உங்ககிட்ட இருக்குமா?"

விற்பதற்காகப் பறித்துக் கூடையில் வைத்திருந்த மிளகாயைக் கொடுத்தேன். முதல் ஈடு பஜ்ஜி தீர்வதற்குள் அடுத்த ஈட்டுக்கு ஆள் நின்றது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது. காய்த்துத் தொங்கிய நாலு மிளகாய்ச் செடிகளை அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். "எந்த மிளகாய் வேணுமோ நீங்களே பறிச்சுக் குடுங்க, போட்டுத் தர்றோம்" என்று பிலோமினா மிஸ் குரல் கொடுத்தார்.

அதற்கப்புறம் ஜெனரேட்டர் புகையை யாரும் பொருட்படுத்தவில்லை. பறிப்பதற்கே வரிசை. பஜ்ஜியைக் கடித்தபடி, "இந்தச் செடி விலைக்கு இருக்கா?" என்று என் மேசைக்கு வந்தார்கள். மிளகாய் வாங்க வந்தவர்கள் கத்தரியையும் எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டத்துக்கு நடுவே வீட்டுக்கார மாமியைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. மாமி நேராக வந்து, "வெத்தலைக் கொடியை வித்துடலையே? அது நேக்கு வேணும், அதுக்குத்தான் பஸ் பிடிச்சு வந்தேன்" என்றார். எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். ஒரு பெண் கறிவேப்பிலைக் கன்றைக் காட்டி, "எங்க வீட்டுல மட்டும் இது தழையவே மாட்டேங்குது" என்றதும் மாமி நின்றுவிட்டார்.

"புளிச்ச மோரை ஜலம் விட்டுக் கரைச்சு விடுங்கோ. நான் ஒரு வருஷமா இதுக்கெல்லாம் அதான் விட்டிண்டிருக்கேன்."

எனக்குத் தெரியாது. செழிப்புக்கெல்லாம் என் எருதான் காரணம் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமி பையை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு என் பக்கம் வந்து நின்றார். நாலரை மணிக்கு மேசையில் போர்வை மட்டும் இருந்தது.

சொல்லி வைத்தபடி முருகேசன் திரும்ப வந்தபோது மாமி பஸ்ஸுக்குப் போக மறுத்துவிட்டார். "மீன் வாசனை அடிக்கும் மாமி" என்றேன். "ஆத்துக்குப் போய்த் தீர்த்தமாடிக்கறேன்" என்று முருகேசன் வண்டியில் ஏறி, கொடியை மடியில் வைத்துக்கொண்டு பாலம் முழுக்கக் கடல் பக்கம் பார்த்தபடி வந்தார்.

வாசலில் மாமா நின்றார். வண்டியையும் மாமியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "மாடி காலியாயிடுத்தா?" என்று என்னைக் கேட்டார்.

மாமி பதில் சொன்னார். "ஆயிடுத்து. நாளைக்கு மறுபடி வைக்கப் போறோம். சுவரை நான் பூசிக்கறேன். இந்த ஆத்தை எங்கப்பா என் பேருக்குத்தானே எழுதி வெச்சிருக்கார்."

மாமா விலகி வழிவிட்டார்.

இனி, போகிறவர்களுக்கு. செடிகளை முந்தின நாள் சாயங்காலமே நனைத்துவிடுங்கள். காலையில் நனைத்தால் கனம் தாங்காது. பாலமோ கடற்கரைச் சாலையோ வழியில் இருந்தால் பழைய புடவை ஒன்று எடுத்துப் போங்கள். சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்தில் இடம் கேளுங்கள். பிஞ்சும் காயுமாக ஒரு செடியையாவது முன்னால் வையுங்கள்; எவ்வளவு பேசினாலும் அதைப்போல் விற்காது. மாடியில் வளர்ப்பவர்கள் டப்பாவுக்கு அடியில் செங்கல் கொடுத்தால் தளம் காயும், வீட்டுக்காரருக்கும் கோபம் வராது.

அடுத்த வருடம் சந்தைக் குழுவிடம் இரண்டு மேசை கேட்டேன். மறுபேச்சில்லாமல் வாசலுக்கு நேராகவே கொடுத்தார்கள். ஒன்றில் நான். இன்னொன்றில் மாமி, வெற்றிலைக் கன்றுகளோடு.