வாசலில் முதல் குரல்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்புகளை மடிப்பது அக்காவின் வேலை. எதுவானாலும் அவளுக்கு மூலைக்கு மூலை பொருந்த வேண்டும். அப்படிப்பட்டவள் பாதியில் நிற்கும் சொல்லைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பாள்? தம்பிக்குச் சிறு வயதிலிருந்தே திக்குவாய். கடையில் அவன் "ப... ப..." என்று ஆரம்பித்தால், "பல்பு ஒண்ணு கொடுங்க" என்று இவள் முடித்துவிடுவாள். பல் டாக்டரிடம் எந்தப் பல் வலிக்கிறது என்பதைக்கூட அவள்தான் சொன்னாள்.

ஊரில் பேர்போன அந்தக் கொரிய உணவகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவன் கிளம்பியபோதும் கூடவே போனாள். முதலாளியம்மா கொரியாவிலிருந்து வந்தவர். இந்த ஊர்ப் பேச்சை ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்துப் பேசுவார். அவர் கேட்டதற்கெல்லாம் அக்காவே பதில் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் நிதானமாக, "வேலை உங்களுக்கா, அவருக்கா?" என்றார்.

அக்கா வாயை மூடிக்கொண்டாள். தம்பி தன் பேரைச் சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மா முகத்தைத் திருப்பவில்லை. இப்படி ஒரு மனுஷியா என்று அக்காவுக்கு ஆச்சரியம். வேலை கிடைத்ததைவிட அதைத்தான் அவள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாராவது உள்ளே நுழைந்தால் வாசலில் நிற்பவர் "ஒசொ ஒசெயோ" என்று, அதாவது வாங்க வாங்க என்று, முதல் குரல் கொடுக்க வேண்டும். உடனே சமையற்கட்டிலிருந்து பாத்திரம் கழுவுமிடம்வரை எல்லோரும் ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொல்வார்கள். பாத்திரம் கழுவப் போன தம்பி ஒன்றைக் கண்டுபிடித்தான். கூட்டத்தோடு சேர்ந்து சொல்லும்போது அவனுக்குத் திக்குவதே இல்லை. அன்று வீட்டுக்கு வந்து குளித்து முடிக்கும்வரை அதையே கத்திக்கொண்டிருந்தான்.

ஆனால் முதல் குரல் வேறு விஷயம். அதில் பின்னால் ஒளிந்துகொள்ள ஆள் கிடையாது. வாசலில் நிற்க வேண்டும் என்று அவனேதான் கேட்டான். இன்று மதியம் நின்று பார்ப்பது, சரிப்படாவிட்டால் மறுபடியும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கே போய்விடுவது என்று பேச்சு. அக்காவையும் அவள் புருஷனான மாமாவையும் அவனே சாப்பிடக் கூப்பிட்டிருந்தான்.

கடை திறந்ததுமே இருவரும் வந்துவிட்டார்கள். தம்பி அவர்களை வாசலுக்குப் பக்கத்து மேஜையில் உட்காரவைத்தான். மேஜை நடுவில் அடுப்பு, சுற்றிலும் சின்னச் சின்னக் கிண்ணங்கள். அக்கா முதல் காரியமாகக் கிண்ணங்களை வரிசைப்படுத்தினாள். பேருந்து ஓட்டுநரான மாமா, சாப்பிட வைத்திருந்த இரும்புக் குச்சிகளைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது ரெண்டு மட்டும் கிடைச்சிருந்தா உங்கக்கா இந்நேரம் ஸ்வெட்டரே பின்னியிருப்பா, மாப்பிள்ளை."

தம்பி சிரித்துக்கொண்டே இறைச்சியைத் திருப்பிப்போட்டு, கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டினான். அப்போது அடுத்த மேஜைக்காரர் ஒரு கிண்ணத்தைக் காட்டி, இது எதற்கு என்று அவனைக் கேட்டார். தம்பி "அ... அ..." என்று தொடங்கியதும், "தொட்டுக்கத்தாங்க" என்றாள் அக்கா. அது என்னவென்று அவளுக்கு மட்டும் தெரியுமா என்ன? அந்த மனிதர் சுட்ட இறைச்சியை அதில் முக்கித் தின்றுவிட்டு முகத்தைச் சுளித்தார். அது குளிர்ந்த முள்ளங்கிச் சாறு, குடிப்பதற்கு வைத்தது. தம்பி மெதுவாக, நின்று நின்று, அதைத் தானே சொல்லி முடித்தான். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

வாசலுக்குப் போகும் நேரம் வந்தது. தம்பி ஒரு பெரிய இலைக்கோஸ் இலையை விரித்து, இறைச்சி, பூண்டு, கார விழுது எல்லாம் வைத்து, உள்ளங்கை நிறைய ஒரு பொட்டலமாகச் சுருட்டி அக்காவிடம் நீட்டினான்.

"இதைக் க... கடிக்கக் கூடாதுக்கா. அப்படியே மொத்தமா வாய்ல போட்டுக்கணும். அதான் இங்க முறை."

அவள் போட்டுக்கொண்டாள். கன்னம் இரண்டும் உப்பிவிட்டன. தம்பி வாசலில் போய் நிற்கவும், வெளியே காத்திருந்த ஒரு குடும்பம் கதவைத் தள்ளிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது.

"ஒ..." என்றான். நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. அக்காவின் நாக்கில் அந்தச் சொல் தயாராக இருந்தது, ஆனால் நாக்கைப் புரட்ட வாயில் இடமில்லை. அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நாலாபுறமும் பார்த்தாள். சமையற்கட்டில் கரண்டி பிடித்த கை அப்படியே நின்றிருந்தது. தட்டு எடுத்துப்போன பெண் நின்ற இடத்திலேயே நின்றாள். முதலாளியம்மா கல்லாவில் கைகட்டிக் காத்திருந்தார். முந்திக்கொண்டு சொல்லவோ உச்சுக்கொட்டவோ அங்கே ஒருவரும் இல்லை.

"ஒ... ஒசொ ஒசெயோ!"

கடையே திருப்பிச் சொன்னது. மேஜையில் கிண்ணங்கள் அதிர்ந்தன. அக்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மாமா தண்ணீரை நகர்த்திவைத்தார். "பூண்டு கொஞ்சம் தூக்கல்தான்" என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சமாளித்தார்.

அவள் ஒருவழியாக விழுங்கி முடித்தாள். கரண்டி பிடித்த அந்தக் கையையும் தட்டுக்காரப் பெண்ணையும் முதலாளியம்மாவையும் ஒவ்வொருவராகப் பார்த்துக் கும்பிட்டாள். அவர்களுக்கு எதற்கென்று புரிந்ததோ இல்லையோ, பதிலுக்குத் தலை குனிந்தார்கள்.

கதவு மறுபடியும் திறந்தது. "ஒ... ஒ..." இந்த முறை இன்னும் நீண்டது. அக்கா வாயைத் திறக்கவில்லை. தாடையை மட்டும் மெல்ல மெல்ல அசைத்துக்கொண்டிருந்தாள்.

"வாய்லதான் ஒண்ணுமில்லையே, என்னத்த மெல்லுற?" என்றார் மாமா.

சும்மா இருங்கள் என்று அவள் கையைக் காட்டினாள். தம்பி இன்னும் சொல்லி முடிக்கவில்லை.