மாடசாமி வண்டியின் ஹெட்லைட்

ராஜபாளையத்தில் டூவீலர் பட்டறை வைத்திருந்தேன். ஆள் செத்த வண்டி வந்தால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்கிய பிறகுதான் ஸ்பேனரை எடுப்போம். சரிசெய்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் தள்ளிவிடுவோம். உள்ளூரில் யாரும் வாங்க மாட்டார்கள். அங்கே விழுந்த வண்டி இங்கே வரும். யாரும் எதுவும் சொல்லிக்கொள்வதில்லை.

எண்பதுகளின் கடைசியில் மாடசாமி வண்டி வந்தது. சேத்தூர்க்காரன். பேண்டேஜ் கம்பெனிக்குத் துணிக்கட்டு ஏற்றுகிறவன். என்னிடம்தான் ஆயில் மாற்றுவான். லாரி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. எந்த லாரி என்று கடைசிவரை தெரியவில்லை. நஷ்டஈடு கேட்க ஆளில்லை.

அவன் மனைவி செல்லத்தாய் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டியை எடுத்து வந்தாள்.

“வித்துக் குடுங்க அண்ணாச்சி. மூத்தவ பள்ளிக்கூடத்தை விட்டுட்டு பேண்டேஜ் மடிக்கப் போறா. லீவு முடியிறதுக்குள்ள வித்துட்டா திரும்பச் சேத்துருவேன்.”

புது ஃபோர்க் போட்டேன். டேங்கை டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து ஒரு பலசரக்குக் கடைக்காரர் பார்க்க வந்தார். அன்று செல்லத்தாயும் வந்திருந்தாள்.

“என்னய்யா மேஸ்திரி, பழைய வண்டிக்கு எதுக்கு இம்புட்டு மினுக்கு? பொண்ணு பாக்கவா போகுது?”

“ஓட்டிப் பாருங்க. பொறவு பேசுங்க.”

ஒரு ரவுண்டு போய் வந்தார். பிடித்துவிட்டது. மடியிலிருந்து பணத்தை எடுத்தார்.

செல்லத்தாய் கை நீட்டவில்லை. “உங்களுக்குப் பிள்ளைக இருக்காண்ணே?” என்றாள்.

“ரெண்டு. எதுக்குத் தாயி கேக்க?”

“இது எங்க வீட்டுக்காரர் விழுந்து செத்த வண்டி.”

பணம் மடிக்குத் திரும்பிப் போனது. “நல்லவேளை சொன்னே. எம் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா வண்டியோட என்னையும் சேத்துத் தெருவுல தள்ளிருவா” என்று சிரிக்கப் பார்த்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் ஏறப் போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம். “உன்னைய யாரு சொல்லச் சொன்னது?”

“அவியளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்த வீட்டுப் பொம்பளைக்கு நான் என்ன பதில் சொல்ல அண்ணாச்சி?”

வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் உள்ளே நிறுத்தினேன்.

விஷயம் பரவிவிட்டது. வேறு யாரும் வரவில்லை. கடைசியில் வண்டியைப் பிரித்தேன். கார்புரேட்டர் ஒருவருக்கு, செயின் ஒருவருக்கு, ஹெட்லைட் ஒருவருக்கு. முழு வண்டியைத் தொடப் பயந்தவர்கள் பார்ட்ஸை மட்டும் பேரம் பேசி வாங்கினார்கள். சில்லறையாக வந்த காசு அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் போனது. பள்ளிக்கூடம் திறந்தது. மூத்தவள் போகவில்லை. காசு வாங்க அவள்தான் வருவாள், வேலை முடிந்து, தலையெல்லாம் பஞ்சோடு.

ஒரு நாள் சர்வீசுக்கு நின்ற ஒரு வண்டிப் பக்கம் போனாள். ஹெட்லைட் ஓரத்தை விரலால் தடவினாள்.

“இது அப்பா வண்டில இருந்தது. இந்தக் கீறல் நான் போட்டது. அப்பா வைஞ்சாரு.”

“ஆமா தாயி” என்றேன்.

போகும்போது, “அந்த மாமாவப் பாத்து ஓட்டச் சொல்லுங்க மாமா” என்றாள்.

சொன்னேன். பட்டறையை மூடும் வரை ஒவ்வொரு வண்டியின் சாவியைக் கொடுக்கும்போதும் பார்த்து ஓட்டச் சொன்னேன். புதிதாகக் கடை போடும் பிள்ளைகளே, நீங்களும் சொல்லுங்கள். சாவியைக் கொடுப்பதற்கு முன்னால்.