கறுப்பு ஈ கடித்த கால்கள்

யோகமலர் ஒன்பது வருடம் நைஜீரியாவில் புவியியல் படிப்பித்தவர். கணவர் சச்சிதானந்தன் அதே பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர். 1990இல் ரொறன்ரோவுக்கு வந்து வெக்ஸ்போர்ட் பகுதியில் குடியேறியபின், ரேடியோவுக்குள் போகும் சின்னச் சின்னக் கம்பிகளைப் பொருத்துகிற ஃபாக்டரியில் யோகமலருக்கு வேலை கிடைத்தது.

வந்த நாளிலிருந்தே உடம்பில் கடி, ஓயாத அரிப்பு. சொறிந்து சொறிந்து கணுக்காலுக்கு மேலே தோல் தடித்து, பிறகு புள்ளி புள்ளியாக வெளுத்தது.

“உது குளிருக்குத் தோல் காயுறது. கிறீமைப் பூசும்,” என்றார் கணவர். குடும்ப டொக்டரும் அதையேதான் சொன்னார். நாலு வருடத்தில் கிறீம்கள் மாறினவே தவிர, கடி மாறவில்லை.

அதன்பிறகு வலது கண்ணில் புகைபோல ஒன்று படிந்தது. யோகமலர் கம்பி பொருத்திய ரேடியோக்களைப் பிழையென்று சுப்பர்வைசர் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்.

ஒருநாள் உடுப்பு மாற்றும் அறையில், பக்கத்து மேசை நைஜீரியப் பெண் பிளெஸிங் அவருடைய கால்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

“நீ எங்கள் நாட்டில் ஆற்றுக்குப் பக்கத்திலா இருந்தாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

யோகமலர் தலையாட்டினார்.

“என் அப்பாவின் கால்களும் இப்படித்தான் இருந்தன. பிறகு அவருக்குக் கண் தெரியாமல் போனது.”

அடுத்த கிழமையே யோகமலரும் கணவரும் பிளெஸிங் சொன்ன, வெப்பநாட்டு நோய்களுக்கான கிளினிக்குக்குப் போனார்கள். டொக்டர் துளித் தோலை வெட்டியெடுத்து மைக்ரொஸ்கோப்பில் வைத்துக் காட்டினார். யோகமலர் இடது கண்ணால் பார்த்தார். நூல் துணுக்குகள் போலப் புழுக்கள் நெளிந்தன. ஆற்றோரக் கறுப்பு ஈ கடித்தபோது உள்ளே போன புழுவின் குஞ்சுகள் அவை. அருவருப்பைவிட ஆறுதல்தான் முந்தி வந்தது. யாரும் நம்பாத கடி இப்போது கண்ணுக்கு முன்னால் இருந்தது.

“எனக்கொண்டும் இல்லை,” என்ற சச்சிதானந்தனின் தோலிலும் இரண்டு புழுக்கள் இருந்தன.

திரும்பும் பஸ்ஸில் அவர் தன்னுடைய கால்களையே குனிந்து பார்த்தார். பிறகு, “நான் உம்மை நம்பியிருக்கவேணும்,” என்றார்.

“உங்களுக்கும் ஒரு கிறீம் வாங்கட்டோ?” என்று யோகமலர் சிரித்தார்.

குளிசை விழுங்கியதும் யோகமலரின் முகம் இரண்டு நாள் வீங்கிக் கிடந்தது. பிறகு கடி மெல்ல அடங்கியது. வலது கண்ணின் புகை விலகவில்லை. இடது கண் தப்பிவிட்டது. உள்ளே இருக்கும் தாய்ப்புழு சாகும்வரை வருடாவருடம் குளிசை எடுக்கவேண்டும் என்றார்கள். ஃபாக்டரியில் பொதி கட்டும் பகுதிக்கு மாறிக்கொண்டார்.

அந்தக் கிழமையே, தங்களோடு நைஜீரியாவில் படிப்பித்து இப்போது பக்கத்து மார்க்கம் நகரில் இருக்கும் நவரட்ணத்துக்கு டெலிபோன் எடுத்தார்.

“அண்ணை, உங்களுக்குக் காலில கடி இருக்கோ?”

மறுமுனையில் நவரட்ணம் குரலைத் தாழ்த்தினார்.

“உமக்கு ஆர் சொன்னது?”

“பேனையை எடுங்கோ. கிளினிக் விலாசம் சொல்லுறன்.”