கமலாதேவியின் சமையல் சீடி

கமலாதேவி ஓர் இடத்தில் நிலையாக உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தத் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளில் யாரும் இல்லை. கல்யாணப் படத்தில்கூட அவள் பாதி எழுந்த மாதிரிதான் இருக்கிறாள். மாப்பிள்ளை மருதவீரன் முந்தானையைப் பிடித்து அமுக்கி வைத்திருக்கிறார் என்று உற்றுப் பார்த்தால் தெரியும். சோறு தின்கிறபோது எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவாள். அடுப்பைப் பார்க்கப் போனவள் வழியில் கோழியை விரட்டுவாள். கோழியை விரட்டப் போனவளைத் தேடினால், தண்ணிப் பீலியில் யார் வீட்டு வாளியையோ கழுவிக்கொண்டிருப்பாள்.

இப்படிப்பட்டவள் தொண்ணூற்றேழில் குவைத்துக்குப் போனாள். தெமோதரை ஸ்டேசனுக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில் இருந்து அப்போது வீட்டுக்கு ஒரு பொம்பளை வெளிநாடு போய்க்கொண்டிருந்த காலம். மகள் துவாரகாவுக்கு, தாய் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போகிற நாலு வயது. நடுவில் இரண்டு முறை லீவில் வந்ததைத் தவிர்த்தால், கமலாதேவி ஒரேயடியாகத் திரும்பி வந்தது இரண்டாயிரத்தேழு ஆவணியில். துவாரகா அதற்குள் தாயைவிட அரைச் சாண் உயரமாகிவிட்டாள். அவள் தகப்பனை வா போ என்பாள். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற அத்தையை, கோபம் வந்தால், போடி என்றுகூடச் சொல்வாள். பெற்றவளை மட்டும் வாங்க, போங்க, சாப்பிடுங்க. பள்ளிக்கூடத்துக்குப் பரிசளிப்புக்கு வந்த விருந்தாளிக்குக் கிடைக்கிற அதே மரியாதை.

கமலாதேவி கொண்டுவந்த பெட்டியில் பூப்போட்ட கம்பளி இருந்தது, பால்மா இருந்தது, தைலம் இருந்தது. முதலாளியம்மா பாவித்துக் கழித்துக் கொடுத்த ஒரு லேப்டொப்பும் இருந்தது. இதெல்லாம் லயமே வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போன சாமான்கள். யாருக்கும் காட்டாத ஒன்று ஒரு சேலை மடிப்புக்குள் இருந்தது. ஒரு சீடி.

குவைத்தில் அவள் வேலை செய்த வீட்டில் ஒரு பிள்ளை. பெயர் ஹெஸ்ஸா. தொப்புள்கொடி விழுந்ததில் இருந்து கமலாதேவி தூக்கி வளர்த்தது. இவள் புறப்படுகிற நாளில் பிள்ளை அழுது வீட்டை இரண்டாக்கும் என்று பயந்து, முதல் நாளே அதைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விடியுமுன் டிரைவர் கார் எடுத்தபோது முதலாளியம்மா வாசலில் வைத்து இந்தச் சீடியைக் கையில் திணித்தாள். "ஹெஸ்ஸா உனக்காக எடுத்தது, வீட்டுக்குப் போய்ப் பார்."

பார்க்க வேண்டும் என்று தவிப்பு. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயம். வளர்த்த பிள்ளைக்காக அழுவதைப் பெற்ற பிள்ளை பார்த்துவிட்டால் பிறகு எந்த முகத்தோடு இந்தக் காம்பராவில் இருப்பது? அதனால் ஒரு மாதத்துக்குமேல் சீடி சேலைக்குள்ளேயே கிடந்தது. கமலாதேவிதான் கிடக்கவில்லை. அந்தச் சேலையை நாளுக்கு நாலு தரம் எடுத்து மடித்து வைத்தாள்.

நடுவில் சரஸ்வதி பூசை வந்தது. குவைத்தில் இத்தனை வருசம் ஒரு சூடம் கொளுத்த முடியாமல் இருந்தவள் இந்த வருசம் மொத்தக் கணக்கையும் தீர்த்தாள். கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, மருதவீரனின் ரேடியோ, துவாரகாவின் புத்தகங்கள், தையல் மெசின், லேப்டொப், அம்மி என்று காம்பராவில் அசையாமல் இருந்த எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். அசைந்துகொண்டிருந்ததால் கோழி தப்பியது.

பூசை கழிந்த அடுத்த வாரம் ஒரு வியாழக்கிழமை அவளால் தாங்க முடியவில்லை. மருதவீரன் காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து வேலைக்குப் போய்விட்டார், துவாரகா பள்ளிக்கூடம். கதவைச் சாத்தி லேப்டொப்பைத் திறந்தாள். அதில் அவளுக்குத் தெரிந்தது இரண்டே பொத்தான்கள்: உயிர் வருகிற பொத்தான், நாக்கை நீட்டுகிற பொத்தான். நாக்கு நீண்டது. சீடியை வைத்துத் தள்ளினாள்.

குர்ர்ர். டக், டக். குர்ர்ர்.

அப்புறம் ஒன்றும் இல்லை. புரட்டி வைத்தாள். குர்ர்ர், டக், டக். சேலையில் துடைத்து வைத்தாள். அதே பாட்டு. திரையில் ஏதோ இங்கிலீசில் கேட்டது, அது என்ன கேட்டதோ, இவள் "அதான் வச்சிருக்கேன்ல!" என்று பதில் சொன்னாள்.

வேறு வழி இல்லாமல் சாயங்காலம் மகளிடம் போய் நின்றாள்.

"துவாரகா, இந்தச் சீடி படிக்க மாட்டேங்குது. என்னானு பாரு."

"என்ன சீடிங்க அது?"

"சமையல் சீடி. அரபிச் சமையல்."

துவாரகாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர் பாடம் இருந்தது. ஒரு கொம்பியூட்டருக்கு எட்டுப் பிள்ளைகள் என்ற கணக்கில் அவள் படித்ததில் பெரும்பகுதி மற்றவர்களின் பின்மண்டை. ஆனாலும் புத்தியாகத் தன் விஞ்ஞானப் பாடச் சீடியைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தாள். குர்ர்ர், டக், டக்.

"உங்க சீடில பிழை இல்ல. என்னோடதும் படிக்கல. மெசின்தான் பழுது."

அன்றிரவுக்குள் விசயம் லயம் முழுக்கப் பரவியது. ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். கடைசிக் காம்பரா தர்மிளா, சீடியில் பற்பசை தடவித் தேய்த்தால் ஓடும் என்றாள். அவள் வீட்டு சீடி பிளேயரில் எல்லாப் படமும் அப்படித்தான் ஓடுகிறதாம், புதினா வாசத்தோடு. கமலாதேவி சீடியை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். "அப்ப எங்க வீட்டு பிளேயர்ல போட்டுப் பாப்போமா அக்கா? நாங்களும் அரபிச் சமையலு கத்துக்குவோம்." தர்மிளா வீட்டில் டிவி போட்டால் இருபது பேர் உட்காருவார்கள். கமலாதேவிக்கு உடனே அடுப்பு ஞாபகம் வந்தது.

மருதவீரன் மட்டும் ஆராய்ந்து சொன்னார். "பனி உள்ள எறங்கியிருக்கும். சூடு காட்டணும்."

கமலாதேவி லேப்டொப்பை அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றினாள். துவாரகா வந்து பார்த்தபோது அது புகைக்குள் இருந்தது.

"அது என்ன கருவாடா?" என்று கேட்டு இறக்கி வைத்தாள். தாயிடம் அவள் மரியாதை இல்லாமல் பேசிய முதல் வாக்கியம் அதுதான். உடனே திருத்திக்கொண்டாள். "பதுளைக்குக் கொண்டு போங்க. அங்க கடை இருக்கு."

சனிக்கிழமை ஸ்டேசனுக்கு இறங்கிக் கோச்சியேறி, கம்பளியில் சுற்றிய லேப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு கமலாதேவி பதுளைக்குப் போனாள். மடியில் வைத்தது பெயருக்குத்தான். இரண்டு ஸ்டேசனுக்குள் மூன்று தரம் இடம் மாறினாள்.

பஜாரில் செருப்புக் கடைக்கு மேல்மாடியில் கொம்பியூட்டர் திருத்துகிற ஸஹாப்தீனின் கடை. குல்லாவும் மூக்குக் கண்ணாடியும் போட்ட அந்த மனிதர் பொருளைத் தொடுமுன் ஆளைக் கேள்வி கேட்கிற டொக்டர் ரகம்.

"எப்ப தொட்டு அக்கா இப்பிடி?"

"பூசைக்குப் பொறகுங்க. அதுக்கு முந்தி போட்டுப் பாக்கல."

"கீழ விழுந்திச்சா?"

"இல்லங்க."

"தண்ணி பட்டிச்சா?"

"இல்லங்க. பொகை கொஞ்சம் பட்டிச்சு."

ஸஹாப்தீன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். தன் பாட்டுச் சீடி ஒன்றைப் போட்டார், படிக்கவில்லை. அடியில் சின்னத் தூரிகை ஒட்டிய துப்புரவுச் சீடியைப் போட்டார். அது சுற்றியது, நின்றது, பலன் இல்லை. பிறகு அவள் சீடியை வாங்கித் தன் கொம்பியூட்டரில் வைத்தார். உடனே திரையில் ஒரு பெட்டி திறந்தது. "இந்தா, இது நல்லா ஓடுது. வீடியோ ஒண்ணு ஈக்குது. தொறக்கவா?"

"வேணாம்!"

கீழே செருப்புக் கடைக்கே கேட்டிருக்கும். ஸஹாப்தீனின் கை கொம்பியூட்டர் எலியை விட்டுவிட்டது.

"தொறக்காதீங்க ஸஹாப்தீன் நானா. வெளிய எடுத்துருங்க."

"சரி, பார்க்க மாட்டேன். கொப்பி பண்ணி உங்கட லேப்டொப்புல போட்டுத் தாறேன், வேல முடிஞ்சிது."

கடையில் ஏறிய படம் கடையிலேயே தங்கி ஊரைச் சுற்றும் என்று பஸ்ஸில் பேசிக்கொள்வார்கள். கமலாதேவி அதைச் சொல்லவில்லை. சீடிக்காகக் கையை மட்டும் நீட்டியபடி நின்றாள். ஸஹாப்தீனுக்குப் புரிந்துவிட்டது. முகம் கொஞ்சம் சுருங்கியது. "எனக்கும் மூணு பொம்புளப் புள்ள ஈக்குது அக்கா" என்று மெதுவாகச் சொல்லி, சீடியை எடுத்து அவள் கையில் வைத்தார். கமலாதேவி தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்புறம் அவர் லேப்டொப்பின் நாக்கை நீட்டவைத்து, டோர்ச் அடித்துக் குனிந்தார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. தோள் குலுங்கியது.

"அக்கா. இதுக்கு யாரு பொட்டு வெச்ச?"

நாக்கின் நடுவில், சீடியைப் படிக்கிற அந்தச் சின்னக் கண்ணாடிக் கண்ணின்மேல், காய்ந்து வெடித்த சந்தனம். அதன் நடுவில் அழகாக ஒரு குங்குமப் புள்ளி. சுற்றிலும் மெசின் சுழற்றியடித்த சிவப்புத் தூள்.

"நான்தாங்க" என்றாள் கமலாதேவி. "பூசையண்டைக்கு நாக்க நீட்டினேன், கண்ணு மாதிரி முழிச்சிக்கிட்டு இருந்திச்சு. மத்ததுக்கெல்லாம் வச்சிட்டு அத மட்டும் எப்புடி விடுறது?"

"கண்ணு மாதிரி இல்ல, கண்ணேதான்! கண்ணுக்குள்ள சந்தனத்த அப்பினா ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து, குழந்தைக்குக் கண் துடைப்பதுபோல் துடைத்தார். பாட்டுச் சீடியைப் போட்டார். குர்ர்ர் என்றது, டக், டக் வரவில்லை. பாட்டு வந்தது. கமலாதேவி பாட்டு முடியுமுன் லேப்டொப்பைக் கம்பளியில் சுற்றிவிட்டாள்.

திரும்பும் கோச்சியில் அவள் திட்டம் போட்டாள். துவாரகா நாலு மணிக்கு டியூசனுக்குப் போவாள். மருதவீரன் கோயில் கூட்டத்துக்குப் போவார். காம்பரா காலி. வயிறு முட்ட அழுதுவிட்டு முகம் கழுவினால் யாருக்குத் தெரியப்போகிறது?

எல்லாம் திட்டப்படி நடந்தது. கதவைச் சாத்தினாள். உயிர்ப் பொத்தான், நாக்குப் பொத்தான். குர்ர்ர். திரையில் ஒரு பெட்டி திறந்தது. பெட்டிக்குள் ஒரு சின்னப் படம், அதற்குக் கீழே எழுத்து. அவ்வளவுதான். கமலாதேவி காத்திருந்தாள். படத்தை விரலால் தொட்டாள். தட்டினாள். "ஹெஸ்ஸா" என்று கூப்பிட்டும் பார்த்தாள். இத்தனை நாள் மெசின் பார்க்க மாட்டேன் என்றது. இப்போது மெசின் தயார், இவளுக்குத்தான் மூன்றாவது பொத்தான் தெரியவில்லை.

கதவு திறந்தது. டியூசன் மாஸ்டர் வரவில்லை என்று துவாரகா திரும்பி வந்திருந்தாள்.

"ஆ, வேலை செய்யுதா? தள்ளுங்க, நான் போட்டுத் தாறேன்."

"வேணாம், பொறகு..." என்று கமலாதேவி சொல்லி முடிக்குமுன் மகள் இரண்டு தரம் தட்டிவிட்டாள்.

சமையலறைதான் வந்தது. அந்த அளவுக்குப் பொய் இல்லை. படம் ஆடி ஆடி நகர்ந்தது. கேஸ் அடுப்பு. பாத்திரம் கழுவும் இடம். பின்னால் கமலாதேவி படுத்த சின்ன அறை, விரிப்பு மடித்து வைத்த ஒற்றைக் கட்டில். அப்புறம் கெமராவைத் திருப்பிப் பிடித்த ஒரு பிள்ளையின் முகம், மிக அருகில், மூக்கு பெரிசாக.

"ஏ கமலா!" என்றது அந்தப் பிள்ளை, சுத்தமான தோட்டத் தமிழில். "நாளைக்கு நீ போற. என்னய சித்தி வூட்டுக்கு அனுப்புறாங்க. நாசமாப் போக! நான் அழ மாட்டேன்."

துவாரகா தாயைப் பார்த்தாள். கமலாதேவி சுவரைப் பார்த்தாள்.

"இந்தா, நாசமாப் போன அடுப்பு. நீ இல்லாட்டி இதுவும் எரியாது." பிள்ளை மூக்கை உறிஞ்சியது. "சமையல் சீடியா" என்று துவாரகா வாய்க்குள் சொன்னாள். அவள் கை லேப்டொப்பின் மூடியை மூடப் போனது. கமலாதேவி தடுக்கவில்லை. தடுக்க அவளுக்கு என்ன உரிமை?

"துவாரகா!" என்று கூப்பிட்டது லேப்டொப்.

கை அப்படியே நின்றது.

"துவாரகா, நீ பாக்குறியா? கமலா ஒவ்வொரு ராவும் உன் கதைதான் சொல்லும். அது சொன்னாத்தான் நான் தூங்குவேன். உனக்குப் பூசணிக்கா புடிக்காது. கோச்சி பொந்துக்குள்ள போனா கண்ண மூடிக்குவ. கொய்யா மரத்துல இருந்து வுழுந்து தாடையில காயம். எனக்கு எல்லாம் தெரியும்."

துவாரகாவின் கை தன்னையறியாமல் தாடைக்குப் போனது. பிறகு ஒரு விரலால் தட்டிப் படத்தை நிறுத்தினாள். ஹெஸ்ஸா வாயைத் திறந்தபடி நின்றாள்.

"பூசணிக்கா நான் நல்லாத் திங்குவேன்" என்றாள் துவாரகா. "பீட்ரூட்தான் புடிக்காது. யாரு சொன்னது உங்களுக்கு?"

"அப்பா கடுதாசியில எழுதினாரு."

"அவருக்கு என்ன தெரியும்! கொய்யா மரத்துல இருந்து நான் வுழவும் இல்ல. தள்ளிவிட்டாங்க."

"தள்ளிவிட்டாங்களா? யாருடி?"

"அத்தை மகன். சொன்னா அடிப்பேன்னான். நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?"

கமலாதேவி அதற்குள் விளக்குமாற்றோடு வாசலில் நின்றாள்.

"எங்க அவன்?"

"கொழும்புல. கலியாணம் கட்டிட்டாரு. போன மாசம் புள்ளையும் பொறந்திருச்சு."

"பொறக்கட்டும்! நம்பரு குடு. அவன் பொண்டாட்டியும் கேக்கட்டும்!"

"இங்க வாங்க" என்றாள் துவாரகா. சிரித்தாளா அழுதாளா என்பது இருட்டத் தொடங்கிய காம்பராவில் சரியாகத் தெரியவில்லை. பாயில் பாதி இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். "மிச்சத்தையும் பாத்துட்டுப் போய்ச் சண்டை போடுங்க. என்னயப் பத்தி இன்னும் என்னென்ன பொய்யெல்லாம் அந்தப் புள்ளைக்குச் சொல்லி வச்சிருக்கீங்கனு எனக்குத் தெரியணும்."

படம் மறுபடி ஓட, இரண்டு தரம் தட்டினாள்.